முக்கொம்பில் ஓர் இரட்டைப் படகும் ஆறு மணல் மூட்டைகளும்

முக்கொம்புக்கு எப்படிப் போவது, எந்த மாதத்தில் தண்ணீர் இருக்கும் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன். ஆனால் நான் முதன்முதலாக அங்கே போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. ஒரு படகு தண்ணீரை விட்டு மேலே எழும்புமா, எழும்பாதா என்று பார்க்கப் போனேன். 1982 ஜனவரி 23, சனிக்கிழமை. அப்போது துறையூரில் இயற்பியல் ஆசிரியராக இருந்தேன். திங்கட்கிழமை ஒரு நாள் விடுப்பு சொல்லிவிட்டேன். செவ்வாய் குடியரசு தினம், கொடியேற்றத்துக்குப் பள்ளியில் இருந்தாக வேண்டும்.

அழைத்தவர் கபீர். நான் ஆசிரியர் பயிற்சி படித்த காலத்தில் திருச்சி புத்தூரில் பக்கத்து வீட்டுக்காரர். பிறகு வளைகுடாவுக்குப் போய், பந்தயப் படகுகளைப் பிரித்து மாற்றிக் கட்டும் பட்டறையில் மெக்கானிக்காகச் சேர்ந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் ஊருக்கு வருவார். 27ஆம் தேதி மாலை ரயிலில் திரும்புவதாகவும், அதற்குள் படகை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்றும் எழுதியிருந்தார். மேட்டூர் அணையை ஜனவரி 28 அன்று மூடுவது வழக்கம். அதன் பிறகு ஆற்றில் மணல்தான். இந்த முறை தவறினால் படகு இரண்டு வருடம் கொட்டகையில் கிடக்கும்.

துறையூரில் காலை 5.10 பஸ். நாற்பத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் மூன்று ரூபாய் எண்பது காசு என்று என் பழைய நாட்குறிப்பில் இருக்கிறது. திருச்சி சத்திரம் பஸ் நிலையத்தில் கபீர் காத்திருந்தார். அங்கிருந்து, காவிரியில் கொள்ளிடம் பிரியும் அணை இருக்கும் முக்கொம்பு பதினெட்டு கிலோமீட்டர். வழியெல்லாம் வாழைத்தோட்டம். படகை முந்தின நாளே லாரியில் கொண்டுபோயிருந்தார்கள்.

கரையில் அதைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். பதினெட்டு அடி நீளம். ஒரு படகு என்றே சொல்ல முடியாது. இரண்டு ஒல்லியான கண்ணாடியிழை உடல்கள் பக்கத்தில் பக்கத்தில். நடுவே, மேலே மூடி கீழே திறந்த ஒரு சுரங்கம். வேகம் பிடித்தால் அந்தச் சுரங்கத்துக்குள் காற்று புகுந்து படகைத் தூக்கும் என்றார் கபீர். காற்றாடி எப்படி எழும்புகிறதோ, கிட்டத்தட்ட அப்படி. கடத்தல்காரர்களிடம் பிடித்த படகாம் அது. நாகப்பட்டினத்தில் ஏலத்தில் எடுத்தபோது ஓர் உடல் பிளந்திருந்தது. கபீர் முந்தைய விடுமுறை முழுவதும் அதை ஒட்டிச் சரிசெய்து, இந்த முறை நாற்பது குதிரை சக்தி எஞ்சின்கள் இரண்டைப் பின்னால் வெளியே மாட்டியிருந்தார்.

எதற்காக இவ்வளவு என்று கேட்டால் எழுபத்தேழு நவம்பர் வெள்ளத்துக்குப் போக வேண்டும். புத்தூர்ப் பக்கம் கூரை வரை தண்ணீர் ஏறிய நாள். கபீரின் சிநேகிதர் ஆரோக்கியம், வெல்டர். அவருடைய மனைவியின் வீட்டார் ஆறு பேர் ஓட்டுக்கூரையில் நின்றிருந்தார்கள். இவர்கள் இருவரும் ஒரு மரப்படகில் சின்ன எஞ்சினை மாட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு முறை வீட்டைத் தாண்டியே இழுத்துப் போனது வெள்ளம். மூன்றாம் முறை சுற்றி வந்தபோது சுவர் விழுந்திருந்தது. வேப்பமரத்தைப் பிடித்திருந்த ஐந்து பேரை ஏற்றினார்கள். மாமனார் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து இருவருக்கும் ஒரே எண்ணம்: ஆறு பேரை ஒரே தடவையில் ஏற்றிக்கொண்டு, வெள்ளத்தை எதிர்த்து ஏறும் ஒரு படகு.

ஆறு பேருக்குப் பதிலாகக் கரையில் ஆறு மணல் மூட்டைகள் இருந்தன. மூட்டைக்கு அறுபது கிலோ. சாக்கின்மேல் சாக்பீஸால் பெயர்: மாமா, அத்தை, இரண்டு மச்சான்கள், கொழுந்தியாள், பெரியம்மா. எழுத்து ஆரோக்கியத்துடையது. கபீர் ‘அத்தை’யைத் தூக்கி வைத்துவிட்டு, “உங்க அத்தை இதைவிட வெயிட்டுப்பா, நான் தூக்கியிருக்கேன்” என்றார். ஆரோக்கியம் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு அந்த ஒரு தடவைதான்.

அணையின் மதகுக்கு முந்நூறு கெஜத்துக்கு இந்தப்பக்கம் ஒரு சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். அதைத் தாண்டக் கூடாது, காலை பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும் என்பது கபீருக்குக் கிடைத்த அனுமதி.

முதலில் வெறும் படகு. கபீர் மட்டும் ஏறி ஓட்டினார். ஓடியது, நன்றாகவே ஓடியது. மூட்டைகளை ஏற்றியதும்தான் கோளாறு. பின்பக்கம் அமுங்கி, மூக்கு வானத்தைப் பார்த்தது. எஞ்சின்கள் அலறின. படகு தான் கிளப்பிய அலை மீதே ஏற முடியாமல், மாட்டுவண்டி மேட்டில் திணறுவதுபோலத் திணறியது. மூன்று முறை ஓட்டினார். மூன்று முறையும் அப்படியே.

படகை மறுபடி லாரியில் ஏற்றிப் பட்டறைக்குத் திருப்பி அனுப்பினார்கள். எனக்கு சீரங்கத்தில் அறை, ஒரு நாளுக்குப் பன்னிரண்டு ரூபாய். அப்போது கோயிலின் மொட்டைக் கோபுரத்தை உயர்த்திக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சாரத்தின் உச்சியில் ஆட்கள் எறும்பு போலத் தெரிந்தார்கள். அவ்வளவு கல்லும் செங்கல்லும் மேலே போக, நம் படகு அரை அடி எழும்பவில்லையே என்று நினைத்துக்கொண்டு, திருவானைக்காவல் சாலையில் இருந்த ஆரோக்கியத்தின் பட்டறைக்கு நடந்தேன்.

படகின் பின்னால் எஞ்சின்களைத் தாங்கும் இரும்புத் தாங்கியை அங்கேதான் முதன்முறையாக நிதானமாகப் பார்த்தேன். அரை அங்குலத் தகடு. குறுக்கே ஐந்து விலா. வெல்டிங் மணிமணியாக, கோத்ததுபோல் இருந்தது. இரண்டடி பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. ஆரோக்கியம் இருபது வருடமாக பாய்லர் பாகங்கள் செய்கிறவர். திருச்சியில் அந்த வேலை பழகியவர்களுக்கு ஒரு குணம் உண்டு, மெல்லிசாக எதையும் செய்யக் கை வராது. அழுத்தத்தில் வெடிக்கக் கூடாது என்பதே அவர்களுடைய முதல் பாடம்.

“உன்கிட்ட தோசைக்கல்லு செய்யச் சொன்னாலும் பாய்லர்தான் வரும்” என்றார் கபீர்.

“வெடிக்காதுல்ல பாய்?”

“எழும்பவும் மாட்டேங்குதே.”

இது என்ன எடை இருக்கும் என்று கேட்டேன். இருவருமே எடை போட்டதில்லை. அந்தத் தொழிலில் பொருள் தாங்குமா என்று பார்ப்பார்களே தவிர, எவ்வளவு கனம் என்று யார் பார்க்கிறார்கள்? எஞ்சின்களைக் கழற்றி, தாங்கியைப் பிரித்து, நாலு பேர் தூக்கி, எதிரே இருந்த விறகுக்கடைத் தராசில் வைத்தோம். தொண்ணூற்று நாலு கிலோ. வகுப்பில் சொல்வதுபோலவே சொன்னேன். பூங்காவில் இருக்கும் சீசாப் பலகையின் நுனியில் ஒரு குழந்தை உட்கார்ந்தாலே நடுவில் இருக்கும் பெரியவரைத் தூக்கிவிடும், இங்கே நுனியில் ஒரு பயில்வான் உட்கார்ந்திருக்கிறார்.

ஆரோக்கியம் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரையும் பார்க்காமல் சொன்னார்: “அன்னிக்கு அந்தப் படகுல எஞ்சின் மாட்டியிருந்த பலகை ஆடுச்சு சார். கையில பிடிச்சிக்கிட்டேதான் போனேன். அதான் இதை அசையாம செஞ்சேன்.”

அவர் இருபது நாள் உழைத்துச் செய்தது அது. வெட்டு என்று எப்படிச் சொல்வது? கபீரும் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு, காலையில் பார்க்கலாம் என்று பிரிந்தோம்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு நான் போகும்போது ஆரோக்கியம் மேலப்புதூர் மாதா கோயிலில் முதல் பூசை முடித்து, கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடே வந்து, கேஸ் கட்டரைப் பற்றவைத்துவிட்டிருந்தார். தாங்கி இரண்டு துண்டாகக் கிடந்தது. சுவரோரம் சாய்த்திருந்த தன் சைக்கிளைக் காட்டி, “இதுல மூணு நெல்லு மூட்டை ஏத்துறான். சட்டம் வெறும் குழாய்தானே சார்?” என்றார். எனக்கு வந்திருக்க வேண்டிய உதாரணம் அது.

அன்று முழுவதும் பாய்லர் குழாயை வெட்டி, முக்கோணம் முக்கோணமாக இணைத்துப் புதுத் தாங்கி செய்தார். கபீர் அருகே உட்கார்ந்து அளவு சொல்லிக்கொண்டே, பெட்ரோல் டாங்கை முன்பக்கம் மாற்றினார். தாங்கி இப்போது ஓரடிதான் பின்னால் நீண்டது. எஞ்சின் மாட்டும் பட்டையில் முக்கால் அங்குலத்துக்கு ஒரு துளையாக, மேலும் கீழும் வரிசையாகப் போட்டார் ஆரோக்கியம். யாரும் சொல்லவில்லை. எதற்கு என்றதற்கு, இருக்கட்டும் என்றார். மாலை ஆறு மணிக்கு அதே தராசு. முப்பத்து நாலு கிலோ. அதன்மேல் ஏறி நின்று நாலு தடவை குதித்துப் பார்த்தார். விறகுக்கடைக்காரர் தராசு போச்சு என்று கத்தினார்.

திங்கள் காலை எட்டரைக்கு முக்கொம்பு. ஆறு மூட்டைகளையும் ஏற்றி, கபீரும் ஆரோக்கியமும் ஏறினார்கள். நான் கரையில். பின்பக்கம் இந்தத் தடவை அமுங்கவில்லை. மூக்கு இறங்கியது. எழப்போகிறது என்று நினைத்த கணத்தில் எஞ்சின்கள் கூச்சலிட்டன. படகு மறுபடி உட்கார்ந்துவிட்டது. பின்பக்கம் உயர்ந்ததால் புரொப்பல்லர்களும் உயர்ந்து, சுரங்கத்திலிருந்து வரும் நுரையில் சுழல்கின்றன என்றார் கபீர். சோப்பு நுரை மேல் கால் வைத்ததுபோல் வழுக்குமே தவிர, தள்ளாது. எஞ்சினைக் கீழே இறக்க வேண்டும். மணி ஒன்பது இருபது. அப்போதுதான் அந்தத் துளைகள் எதற்கென்று புரிந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, போல்ட்டைக் கழற்றி இரண்டு துளை கீழே மாட்டினார்கள். அரைமணி நேரம்.

பத்துக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது மறுபடி கிளம்பியது. ஓட்டத்தை எதிர்த்து வந்தது. இருபது கெஜம், முப்பது கெஜம். பிறகு சத்தம் மாறியது. அலறல் போய், ஒரே சீரான ரீங்காரம். வாசகர்களே, எத்தனையோ மலையும் கடலும் பார்த்திருக்கிறேன். அன்று பார்த்ததற்கு ஈடு இல்லை. முந்நூற்று அறுபது கிலோ மணலையும் இரண்டு ஆட்களையும் சுமந்த அந்தப் படகு தண்ணீரின் மேல் எழுந்து நின்றது. இரண்டு உடல்களுக்கு நடுவே, படகுக்கு அடியில், எனக்கு அக்கரை தெரிந்தது. அக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்களின் சிவப்புச் சேலைகூடத் தெரிந்தது. நான் கைதட்ட மறந்துவிட்டேன்.

சிவப்புக் கொடி வரை போய்த் திரும்பிக் கரைக்கு வந்தார்கள். கபீர் எஞ்சினை அணைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆரோக்கியம் இறங்கி, மூட்டைகளைக் கரைக்கு மாற்றத் தொடங்கினார். மணல் மூட்டை, கவிழ்த்துவிட்டாலே போதும். அவர் கவிழ்க்கவில்லை. ‘மாமா’ என்று எழுதியிருந்ததை முதலில் இரண்டு கையாலும் தூக்கி, நனையாமல், புல்மேல் வைத்தார். உதவிக்குப் போன என்னை கபீர் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

மற்ற ஐந்தும் வந்த பிறகு, “ஆறு பேருன்னு எழுதிடலாம் பாய்” என்றார்.

படகின் பக்கவாட்டில் பட்டறை பெயின்ட்டால் அவரே எழுதினார். அன்று மாலை 4.40 பஸ்ஸில் துறையூர் திரும்பினேன். செவ்வாய்க்கிழமை கொடி ஏறும்போது எனக்கு அந்தப் படகு ஏறியதுதான் கண்ணில் நின்றது.

இனி நீங்கள் கேட்டது. சத்திரத்திலிருந்து பஸ் உண்டு, காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் மணல் சுடும். ஜூன் நடுவில் மேட்டூர் திறந்து ஒரு வாரம் கழித்துப் போனால் ஆறு நிறைந்திருக்கும். பிப்ரவரிக்குப் பிறகு போய் ஏமாறாதீர்கள். மதகுப் பக்கம் குளிக்க இறங்கவே வேண்டாம், மேலே அமைதியாக இருந்தாலும் அடியில் இழுக்கும். அப்புறம், எந்த ஊரில் எந்தப் படகில் ஏறினாலும் அதன் பக்கவாட்டில் எத்தனை பேர் என்று எழுதியிருக்கும். ஒருவர் கூடுதலாக ஏறினால் என்ன என்று கேட்காதீர்கள். அந்த எண்ணை எழுதியவர் யாரை நினைத்துக்கொண்டு எழுதினாரோ, நமக்குத் தெரியாது.