புல்வெளியில் போட்ட விளிம்பு

ஜானலீ பிங்ஹாம் எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் மதிய உணவு சமைப்பவள். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குத் திராட்சை கொடுக்கும் நாட்களில் தொண்டையில் அடைத்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு திராட்சையையும் நீளவாக்கில் நான்காக நறுக்கிய பிறகுதான் வெளியே அனுப்புவாள். அதற்காகக் கூட வேலை பார்க்கும் பெண்களிடம் அவள் வாங்கிய பேச்சு கொஞ்சமல்ல. "இவ சாப்பாடு போடல, ஆபரேஷன் பண்றா" என்பார்கள்.

அவளுக்கு நான்கு வயதில் ஒரு பெண், போசி. போசி ஓடுவாள். எல்லாக் குழந்தைகளும்தான் ஓடும். ஆனால் பாதி வழியில் நின்று, அம்மா துரத்துகிறாளா என்று திரும்பிப் பார்க்கும். போசி திரும்பிப் பார்ப்பதில்லை. போன இலையுதிர் காலத்தில் ஒரு கல்யாண விருந்தில் காணாமல் போனவளை, நெடுஞ்சாலை ஓரத்திலிருந்து ஒரு லாரிக்காரர் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். "வளர வளர சரியாயிடும்" என்றார் டாக்டர். எப்போது என்று ஜானலீ கேட்பதற்குள் அவர் அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

இவளைக் கூட்டிக்கொண்டுதான் ஜூன் மாதம் ரேவன் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். ஜானலீயின் கணவன் கிம்பலின் குடும்பம் வருடா வருடம் அங்கேதான் கூடாரம் போடும். அவன் அப்பா காலத்திலிருந்து ஒரே இடம். அங்கே சாப்பிடும் மேசையிலிருந்து கொஞ்சம் நடந்தால் பள்ளத்தாக்கின் விளிம்பு. வேலி கிடையாது. சிவப்பும் மஞ்சளுமாகப் பாறை, அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. இரண்டு வருடம் காய்ச்சல், பள்ளி வேலை என்று ஏதேதோ சொல்லி ஜானலீ தப்பித்துவிட்டாள். இந்த வருடம் கிம்பலின் அக்கா ரூத்தன் கேட்காமலே இடத்தைப் பதிவு செய்துவிட்டு, "காய்ச்சல் வந்தா மாத்திரையோட வா" என்று சொல்லிவிட்டாள்.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு கூடாரத்தை வீட்டுப் புல்வெளியில் விரித்து, எலி கடித்திருக்கிறதா, முளைகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். அந்தச் சனிக்கிழமை ஜானலீ வீட்டுக்கு ரூத்தனும் அவள் கணவன் டெல்லும் வந்திருந்தார்கள். டெல் இரும்புச் சட்டியில் பன்றி இறைச்சித் துண்டுகளும் உருளைக்கிழங்கும் போட்டு, மூடி மேல் எரியும் கரித்துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஜானலீ தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் மஞ்சள் குழாயை இழுத்து வந்து, கூடாரத்துக்கு அப்பால் புல்வெளியின் குறுக்கே போட்டாள்.

"இது எதுக்கு?" என்றாள் ரூத்தன்.

"இதான் விளிம்பு. அங்க எவ்ளோ தூரமோ அதே தூரம். சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் அங்க இருக்கற மாதிரியே இருப்போம். போசி இதைத் தாண்டக் கூடாது."

டெல் இடுக்கியோடு போய்க் குழாயைத் தாண்டினார். "ஐயோ, போறேன்! ரூத்தன், என் தூண்டிலெல்லாம் உன் தம்பிக்குக் குடுத்துடு!" என்று கத்திக்கொண்டே புல்லில் விழுந்தார். போசி கைதட்டினாள். கிம்பல் சிரித்தான், ஜானலீயின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

மேசைமேல் கிடந்த சாமான்களுக்கு நடுவில் ஒரு நீல வாரை ரூத்தன் கண்டுபிடித்தாள்.

"இது யாருக்கு? உங்க வீட்ல நாயே இல்லையே."

"போசிக்கு. அவ முதுகுல மாட்டிட்டு நாம இந்த நுனியப் பிடிச்சுக்கணும்."

"பிள்ளையக் கட்டியா வெப்பாங்க? நாங்க அஞ்சு பேரும் அந்த விளிம்புலதான் வளந்தோம். யாராவது விழுந்தோமா?"

"கிம் மட்டும் தலைகுப்புற விழுந்திருப்பான்னு எனக்கு ஒரு சந்தேகம்" என்றார் டெல்.

"நீ சும்மா இரு. அங்க பத்து பேரு இருப்போம் ஜானலீ. பத்து ஜோடி கண்ணு."

"பத்து பேருமே பக்கத்துல இருக்கறவங்க பாத்துப்பாங்கன்னு நெனப்பீங்க. கல்யாணத்துல இருநூறு பேரு இருந்தாங்க, ரூத்தன். லாரிக்காரர்தான் பாத்தாரு."

"உன் பயம்தான் அந்தப் பிள்ளைய இப்படி ஓட வெக்குது. ஒரு நாளாவது மூச்சு விட விட்டிருக்கியா?"

ஜானலீ அதுவரை நாத்தனாரிடம் குரல் உயர்த்தியதில்லை. இப்போது முழுதாக அவள் பக்கம் திரும்பினாள். "மூச்சா? நான் மூச்சு விட்டு எவ்ளோ நாளாச்சு தெரியுமா உங்களுக்கு? கடைக்குப் போனா பாலை எடுக்கறதா, அவ கையப் பிடிக்கறதான்னு..." என்று ஆரம்பித்து, இரண்டு வருடத்துக் காய்ச்சல்களுக்கும் உண்மைக் காரணத்தைச் சொல்லி முடித்தாள். கிம்பல் ஒரு முளையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"போசி எங்க?" என்றார் டெல்.

குழாய்க்கு அந்தப் பக்கம், வெகுதூரம் தள்ளி, வேலி ஓரத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தாள். மஞ்சள் பூக்களைப் பிய்த்துப் பிய்த்துத் தன் ஷூவுக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். எப்போது தாண்டினாள் என்று யாருக்கும் தெரியவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து வந்து உருளைக்கிழங்குக்காகக் காத்து நின்ற நானும் சண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிம்பல் போய்த் தூக்கி வந்தான். ஜானலீ கத்தவில்லை, ஓடவில்லை. நின்ற இடத்திலேயே புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான் பாத்துட்டிருந்தேன்" என்றாள். "உங்க யாரையும் நம்பாம நானே பாத்துட்டிருந்தேன். நானே பாக்கல."

ரூத்தன் போனை எடுத்துக்கொண்டு வீட்டின் பக்கவாட்டுக்குப் போனாள். குரல் மட்டும் கேட்டது. "ஆமா, விளிம்புல இருக்கற இடம்தான். வேணாம்... இல்ல, நல்லா யோசிச்சுதான் சொல்றேன்... அது கழிவறைக்குப் பக்கத்துலயா? வேற இல்லையா? சரி, அதையே போடுங்க."

திரும்பி வந்து வாரைச் சுருட்டிப் பெட்டியில் வைத்தாள். "மாத்திட்டேன். காட்டுக்குள்ள, விளிம்புலேர்ந்து ஒரு மைல் தள்ளி. வேணும்னா ஒவ்வொருத்தரா நடந்து போய்ப் பள்ளத்தாக்கப் பாத்துட்டு வரலாம்."

"நான் சூரியன் உதிக்கறதப் பாத்துட்டே பல்லு தேய்ப்பேனே" என்றார் டெல்.

"இந்த வருஷம் கழிவறையப் பாத்துட்டுத் தேய்."

கிம்பல் சிரித்தான். அப்போது யாரும் அவனைத் தப்பாக நினைக்கவில்லை. டெல் மூடியைத் தூக்கித் தட்டுகளில் பரிமாறினார். ஜானலீ போசியை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு ஒரு வாய் சாப்பிட்டாள். இரண்டாவது வாயை வழியிலேயே நிறுத்தினாள்.

"அந்த இடத்துல தண்ணி ஏதாவது இருக்கா?"

"பெரிசா ஒண்ணுமில்ல" என்றார் டெல். "சின்ன ஓடை. கணுக்கால் அளவுதான்."

"யாரோட கணுக்கால்?"

"ஜானலீ, போதும்..." என்று கிம்பல் ஆரம்பித்தான். ரூத்தன் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள்.

டெல் குனிந்து தன் பெரிய பூட்ஸைப் பார்த்தார். பிறகு பூக்கள் திணித்த அந்தச் சின்ன ஷூவைப் பார்த்தார். தட்டைக் கீழே வைத்தார்.

"காலைல அந்த ஓடையப் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்" என்றார். அங்கே போகவே காரில் மூன்று மணி நேரம்.