மாலை போடும் உத்தியோகம்

எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அத்தைக்கு மாலை போடுவது. அப்போது நான் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளில் நடந்த ஒரு சட்டமன்றத் தேர்தல் அது. அப்பாவின் அக்காள் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வக்கீல். கட்சி அவருக்குச் சீட்டுக் கொடுத்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியில் கட்சி ஒரு பெண்ணை நிறுத்தியது அதுதான் முதல் தடவை என்பதால், ராஜபாளையத்து வீட்டில் சந்தோஷத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். ஓட்டுக் கேட்கப் போகிற இடமெல்லாம் ஆண்கள் மாலையோடு நிற்பார்கள். கட்டிய புருஷனைத் தவிர வேறொருவர் ஒரு பெண்ணின் கழுத்தில் மாலை போட்டால் ஊர் சும்மா இருக்குமா? கட்சிக்காரர்களுக்கும் அதே தவிப்பு. மாலையை உற்சாகமாகத் தூக்குவார்கள், பாதியில் கை நின்றுவிடும், அசடு வழியச் சிரிப்பார்கள்.

அத்தையின் கணவரான மாமாதான் வழி கண்டுபிடித்தார். மாலையை யார் கொண்டுவந்தாலும் என் கையில் கொடுக்க வேண்டியது, நான் ஜீப் சீட்டில் ஏறி நின்று அத்தைக்குப் போட வேண்டியது. பட்டுப்பாவாடையும் பவுடருமாக நான் செய்த அலட்டலைப் பார்த்தால், வேட்பாளரே நான்தான் என்று யாரும் நினைத்திருப்பார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடியில் கூட்டம் நடந்த அன்று வத்திராயிருப்பிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மலையடிவாரத்து ஊர்களில் அவர் கை காட்டுகிற பக்கம்தான் ஓட்டு விழும். தம்பிக்குச் சீட்டுக் கிடைக்கவில்லை என்று முறுக்கிக்கொண்டிருந்தவரை மாமா கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்திருந்தார். அவர் மனது வைக்காவிட்டால் அத்தை தோற்பது நிச்சயம்.

ஆளுயர ரோஜா மாலை. நான் கையை நீட்டினேன். பெரியவர் என்னைத் தாண்டி அத்தையைப் பார்த்தார்.

“சின்னப்பிள்ள கையில குடுக்கவா அம்புட்டு தூரம் தூக்கிட்டு வந்தேன்? நான் போடுத மாலைய ஏத்துக்கிட மாட்டாகன்னா, பொறவு எனக்கு இங்க என்ன சோலி?”

மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. மறுத்தால் ஓட்டுப் போயிற்று, தலைகுனிந்தால் மானம் போயிற்று. சொல்லிவிட்டாரே தவிர, மாலையை உயர்த்தப் பெரியவருக்கும் கை வரவில்லை.

அத்தை ஜீப்பை விட்டு இறங்கினார். “குடுங்க அண்ணாச்சி” என்று இரண்டு கையாலும் வாங்கி, தன் கழுத்தில் தானே போட்டுக்கொண்டார்.

“நீங்க குடுத்தீக, நான் போட்டுக்கிட்டேன். சரிதானே?”

பூக்கடையிலிருந்த பெண்தான் முதலில் வாய் திறந்தாள். “இதுல என்ன அதிசயம்? நம்ம கோயில்ல இருக்கவ மாலைய யாரக் கேட்டுப் போட்டுக்கிட்டா?” என்று சொல்லி, நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். பக்கத்திலிருந்த பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

பெரியவர் சிரித்துவிட்டார். “வக்கீலம்மாகிட்ட நம்மால ஏலுமா?” என்றபடி ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். அந்தத் தேர்தலில் அத்தை ஜெயித்துக் கோட்டைக்குப் போனதற்கு அந்தச் சிரிப்பும் ஒரு காரணம்.

அதற்குப் பிறகு ஒருவரும் என்னிடம் மாலை கொடுக்கவில்லை. எல்லாம் நேராக அத்தையின் கைக்குப் போயிற்று. கூமாப்பட்டியில், கதவு மறைவில் நின்றே பார்க்கிற பெண்கள்கூட ஜீப் பக்கத்தில் வந்து மாலையை நீட்டினார்கள். நான் பின்சீட்டில், கழற்றிப் போட்ட மாலைகளுக்கு நடுவே உம்மென்று உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும் வழியில் பொறுக்க முடியாமல் கேட்டேன். “இனிமே எனக்கு வேல இல்லையா அத்த?”

“இல்லட்டி. அந்த வேலையே இனிமே கெடையாது.”

ராஜபாளையம் வரும்வரை கேவிக் கேவி அழுதேன். அத்தை சமாதானம் சொல்லவே இல்லை. என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, “அழு, நல்லா அழு” என்று சிரித்தார். என் வேலை போனதில் அவருக்கு ஏன் அத்தனை சந்தோஷம் என்று எனக்கு விளங்கவே இல்லை.