காய்ச்சலுக்கு எந்த ஊர்

நான் பிறந்த ஊருக்கும் கலியாணம் முடித்த ஊருக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் ஓடியது. மாரியில் அது இரண்டு ஊரையும் பிரித்து வைத்தது. கோடையில் வற்றி, சண்டைக்குப் போக வழி விட்டது.

என் பிறந்த ஊருக்குப் பிழைப்பு கடலும் தறியும். கரைவலை இழுக்காதவன் இடுப்பில் உடுக்கிற சாரன் நெய்தான். இரண்டும் செய்யாதவன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தான். அந்தக் கடைசி இனம் நான். மனைவியின் ஊருக்கு வயல், ஒரு அரிசி மில்லு, ஒரு கடைத்தெரு. அவர்கள் எங்களை மீன் நாற்றம் என்பார்கள். நாங்கள் அவர்களைச் சேற்றுக்கால் என்போம். இவ்வளவு வெறுப்புக்கு நடுவிலும் வருடத்துக்கு வருடம் ஒருவருக்கொருவர் மாப்பிள்ளை கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். பெண்ணைக் கொடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. எங்கள் கரையில் வீடு பெண் பிள்ளைக்கு. ஆண்தான் இரண்டு சாரனை மடித்து எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போகிறவன். மற்ற ஊர்களில் புகுந்த வீட்டை நினைத்துப் பெண்கள் அழுவார்களாம். இங்கே அந்த அழுகை எங்கள் பங்கு. ஆம்பிளை என்பதால் சத்தம் போட்டு அழவும் முடியாது.

அது ஐம்பதுகளின் முற்பகுதி. இந்த இரண்டு ஊரிலும் வைத்தியம் என்றால் ஊருக்கொரு பரிசாரி, ஊருக்கொரு மருத்துவிச்சி, அதற்கு மேல் அல்லாஹ். மற்றதுக்கெல்லாம் பஸ் ஏறிக் கல்முனைக்குப் போக வேண்டும். என் மாமனாருக்கு வலது கணுக்காலுக்கு மேலே ஒரு ஆறாத புண் இருந்தது. கிழமைக்கு இரண்டு தரம் மருந்து கட்டக் கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போவார். திரும்பி வரும்போது பஸ்ஸில் யாராவது அந்தக் காலையே தேடி மிதிப்பார்கள். கொண்டு போன புண்ணைவிடப் பெரிய புண்ணோடு வீட்டுக்கு வந்து, பஸ்காரனில் தொடங்கி வெள்ளைக்காரன்வரை ஏசுவார். வெள்ளைக்காரன் போய்ச் சில வருடம் ஆகியிருந்தது. அதற்கும் சேர்த்து ஏசுவார்.

அப்படியிருக்கும்போதுதான் அந்தப் பக்கத்தில் அரசாங்கம் ஒரு டிஸ்பென்சரி திறக்கப் போகிறது என்றும், எந்த ஊரில் என்பதைப் பகுதிக் காரியாதிகாரியான டீ.ஆர்.ஓ. தீர்மானிப்பார் என்றும் கதை வந்தது. மாமா பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார்களில் ஒருவர். அன்று அசர் தொழுகைக்குப் பிறகு மற்ற மரைக்கார்களையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பெட்டிசம் எழுத வேண்டும், இங்கிலீசில் எழுத வேண்டும், வீட்டில் ஒரு மருமகன் சும்மா இருந்து தின்கிறான்.

என் இங்கிலீசு பெட்டிசத்துக்கென்றே படைக்கப்பட்டது. 'மிகத் தாழ்மையுடன்' என்று தொடங்கி 'என்றும் பிரார்த்திப்போம்' என்று முடிக்கத் தெரியும். நடுவில்தான் தடுமாற்றம். பெட்டிசத்தில் ஊர் பெரியது என்று காட்ட வேண்டும், அதே நேரம் பாவப்பட்டது என்றும் காட்ட வேண்டும். அரிசி மில்லையும் கடைகளையும் ஒரு பந்தியில் பெருமையாக எழுதிவிட்டு, அடுத்த பந்தியில் எல்லாரும் பட்டினி என்று எழுதினேன். சனத்தொகை வந்ததும் பேனையை நிறுத்தினேன். மாமா எட்டிப் பார்த்தார்.

"ஒரு சைபரக் கூட்டிப் போடுங்க மருமகன். சைபருக்குப் பெறுமதி இல்லெண்டுதானே நீங்க பள்ளிக்கூடத்துல படிப்பிக்கிற?"

போட்டேன். கடைசியில், பக்கத்து ஊருக்கு டிஸ்பென்சரி தேவைப்படாது, அவர்களுக்குக் கடற்காற்றே மருந்து என்று என் சொந்த ஊரின் தலையில் ஒரு பிடி மண்ணும் போட்டேன். மரைக்கார்கள் அந்த வரியை மூன்று தரம் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். அன்றிரவு என் சோற்றுக் கோப்பையில் பாரை மீனின் நடுத்துண்டு விழுந்தது.

வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் மீன் பொரித்தால் அந்தப் பக்கம் வாசம் போகும். இரண்டாம் நாள் உம்மா ஆளனுப்பிக் கூப்பிட்டா. போனேன். இருக்கச் சொல்லவில்லை.

"பொஞ்சாதிட ஊருக்கு எழுதின கை, உம்மாட ஊருக்கு எழுதப் படாதோ? அந்தக் கையப் புடிச்சி நடக்கப் பழக்கினது ஆரு, ஒண்ட மாமாவோ?"

பள்ளிவாசல் நிர்வாகத்தார் எழுதச் சொல்லட்டும், எழுதுகிறேன் என்று தப்பப் பார்த்தேன். நிர்வாகத்தார் வெளியே வேலிக்கு அருகே தயாராக நின்றார்கள். உம்மாவை நான் அறிவேன். அவ ஆயத்தமில்லாமல் சண்டை தொடங்க மாட்டா. அங்கேயே குந்தி இரண்டாவது பெட்டிசத்தை எழுதினேன். தறியில் குந்திக் குந்திக் கூனிப்போன முதுகுகள், வலைக்கயிறு அறுத்த கைகள் என்று இந்த முறை மனம் கரைந்துதான் எழுதினேன். சைபர் இங்கேயும் ஒன்று கூடியது. பக்கத்து ஊர்க்காரர் மூன்று வேளையும் சோறு தின்கிறவர்கள், ஆகையால் அவர்களுக்கு நோய் குறைவு என்று மாமாவின் ஊருக்கும் மண் போட்டேன். ஆள் தெரியாமல் இருப்பதற்காகப் பச்சை மையில் எழுதினேன். என் புத்திசாலித்தனத்தின் எல்லை அந்தப் பச்சை மை.

டீ.ஆர்.ஓ. சைபர்களை நம்புகிற ஆள் இல்லை. வயது வந்த ஆண்களின் பெயர் இடாப்பை அனுப்பச் சொல்லி இரண்டு பள்ளிவாசலுக்கும் கடிதம் போட்டார். எழுதுகிறவன் மீண்டும் நான்தான். இங்கேதான் எங்கள் கரைக்கே உரிய பிழை நடந்தது. மாமாவின் ஊர் மரைக்கார்கள், இந்த ஊருக்கு வந்த மாப்பிள்ளைமாரை எல்லாம் போடு, இங்கேதானே தின்கிறார்கள் என்றார்கள். சரிதான். இங்கே பிறந்து வெளியூரில் முடித்தவர்களையும் போடு, எங்கள் குடிதானே என்றார்கள். அதுவும் சரிதான், எங்களுக்குக் குடி உம்மா வழியில்தான் வரும். போனவனையும் எண்ணினோம், வந்தவனையும் எண்ணினோம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கமும் இதே நியாயத்தோடு இதே ஆட்களை எண்ணினார்கள். என் பெயரை நானே இரண்டு இடாப்பிலும் எழுதினேன். ஒன்றில் நீல மை, மற்றதில் பச்சை. ஒரு மனிதனை இரண்டாகப் பெருக்குகிறோம் என்ற எண்ணமே எங்கள் எவருக்கும் வரவில்லை. ஒருவன் செத்து மையித்து விழுந்தால் இரண்டு ஊரும்தானே வரும்.

டீ.ஆர்.ஓ. ஜீப்பில் வந்து என் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் வைத்தார். யாழ்ப்பாணத்து மனிதர், மெலிந்தவர், சிரிப்பை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர். மண்டபத்தில் வலப்பக்கம் ஒரு ஊர், இடப்பக்கம் மற்ற ஊர். மாமா முன் வாங்கில், கட்டுப் போட்ட காலை எல்லாருக்கும் தெரிய நீட்டிக்கொண்டிருந்தார். அன்றைய கட்டு வழக்கத்தைவிடப் பெரியது. ஜன்னலுக்கு வெளியே பெண்கள் முக்காடும் தலையுமாக நின்றார்கள். உம்மாவின் மஞ்சள் முக்காட்டை நான் உடனே கண்டுகொண்டேன்.

அவர் இரண்டு பெட்டிசத்தையும் எடுத்து, நிதானமாகத் தமிழாக்கி வாசித்தார். கடற்காற்றே மருந்து என்றபோது இடப்பக்கம் எழும்பியது. மூன்று வேளை சோறு என்றபோது வலப்பக்கம் எழும்பியது. எந்த நாய் எழுதியது என்று இரண்டு பக்கமும் கேட்டார்கள். எழுதச் சொன்னவர்கள் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், ஒரு ஓடு உடைந்திருந்தது.

பிறகு இடாப்புகளை விரித்தார். பாதிப் பெயர்கள் இரண்டிலும் இருக்கின்றன என்றார். ஒரு ஆளுக்கு அரசாங்கம் இரண்டு இடத்தில் மருந்து கொடுக்காது என்றார். உதாரணத்துக்கு ஒரு பெயரை வாசித்தார். என் பெயர்.

எழும்பினேன். "எங்கட ஆள்" என்று இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் சத்தம் வந்தது. என் வாழ்நாளில் அத்தனை பேர் என்னைச் சொந்தம் கொண்டாடியது அந்த ஒரு நிமிடம்தான்.

அவர் கையைக் காட்டி அடக்கினார். "மாஸ்டர், நீர் படிச்ச ஆள். ஒண்டைச் சொல்லும். காய்ச்சல் வந்தால் நீர் எந்த ஊரிலை படுக்கிறனீர்? நீர் சொல்லுற ஊரிலைதான் மற்ற மாப்பிள்ளைமாரையும் எண்ணப் போறன்."

டிஸ்பென்சரி எந்தப் பக்கம் போகிறது என்பது இப்போது என் நாக்கில் இருந்தது. உண்மை எனக்குத் தெரியும். மண்டபத்தில் இருந்த ஒவ்வொரு மாப்பிள்ளைக்கும் தெரியும். மாமியார் வீட்டில் ஆம்பிளை தின்னலாம், உறங்கலாம், முனக முடியாது. அங்கே எத்தனை வருடம் இருந்தாலும் விருந்தாளிதான். விருந்தாளி குப்புறப் படுத்து 'உம்மா' என்று கத்துவானா? உடம்பு சுடத் தொடங்கியதும் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எல்லாரும் பெற்றவள் வீட்டுக்கு நடப்போம். அதைச் சொன்னால், மீன் நாற்றத்துக்குள் மருந்து கட்டச் சம்மதிக்காத மாமாவின் கால் சாகும்வரை கல்முனை பஸ்ஸில் போகும். பொய் சொன்னால் ஜன்னலில் மஞ்சள் முக்காடு நிற்கிறது.

ஆண்மையுள்ளவன் ஏதாவது ஒரு ஊரைச் சொல்லியிருப்பான். நான் பகிடி விட்டேன்.

"எனக்குக் காய்ச்சல் வாறல்ல ஐயா."

"ஒருநாளுமோ?"

"ஒருநாளும் வாறல்ல. எங்கட ஆக்களுக்குப் பொதுவா வாற குறைவு."

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. பேனையைத் திறந்து, நான் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார். பகிடியைச் சிரிக்காமல் எழுதிக்கொள்கிற மனிதனிடம் பகிடி விடக்கூடாது. இதைப் படித்துக்கொள்ள எனக்கு ஆன செலவு ஒரு டிஸ்பென்சரி.

கடிதம் அடுத்த மாதம் வந்தது. டிஸ்பென்சரி, தெற்கே மூன்று மைல் தள்ளித் தென்னந்தோட்டத்துக்குள் கிடந்த ஒரு ஊருக்குப் போனது. அந்த ஊர் பெட்டிசமே எழுதவில்லை; எழுதத் தெரிந்த மருமகன் அங்கே யாருக்கும் வாய்க்கவில்லை போலும். எங்கள் இரண்டு ஊரிலும் நோய் குறைவென்று உள்ளூர் ஆசிரியர் ஒருவரே சபையில் ஒப்புக்கொண்டதாகக் கடிதத்தில் காரணமும் இருந்தது. பச்சை மைக் கதையும் அதற்குள் வெளியே வந்துவிட்டது. அதன் பிறகு வாய்க்காலின் இரண்டு பக்கத்திலும் என் பெயர் 'காய்ச்சல் வராத மாஸ்டர்'. தேத்தண்ணிக் கடையில் குரலைத் தாழ்த்தி, மாஸ்டர் சேருக்குத் தலையிடியாவது வருமா என்று விசாரித்தார்கள். மாமா என்னோடு கதைப்பதை நிறுத்தினார். ஏதாவது சொல்வதென்றால் வண்டில் மாட்டிடம் சொன்னார், நான் கேட்கும் தூரத்தில். கோப்பையில் நடுத்துண்டு போய் வால்துண்டு வந்தது. பிறகு மீன் இல்லாத குழம்பு வந்தது.

அந்த மாரியில் எனக்குக் காய்ச்சல் வந்தது.

ஒரு இரவு முழுக்கத் தலையணையைக் கடித்துக்கொண்டு முனகாமல் கிடந்தேன். விடிந்ததும் சால்வையைப் போர்த்திக்கொண்டு, வாய்க்காலில் முழங்கால் தண்ணீரில் இறங்கி உம்மா வீட்டுக்குப் போனேன். உம்மா நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தா. கொதித்ததை அவ கை அறிந்தது.

"நீதானே டீ.ஆர்.ஓ.க்கிட்டக் காய்ச்சலே வராதெண்டு சொன்ன? வராத காய்ச்சலுக்கு நான் என்னத்துக்குக் கொத்தமல்லிக் குடிநீர் அவிக்கிற? போ மனே, போய்ச் சைபர் தின்னு."

சொல்லிவிட்டு உள்ளே போனா. கொஞ்சம் நின்று பார்த்தேன். அடுப்புப் பற்றவைக்கும் சத்தம் கேட்கவில்லை. திரும்ப வாய்க்காலில் இறங்கினேன்.

வாசலில் மாமா வண்டில் பூட்டிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் மிதிபட முடியாமல் தெற்கே டிஸ்பென்சரிக்கு மருந்து கட்டப் போகிற நாள் அது. நனைந்த சாரனோடு நடுங்கி நின்ற என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு மாட்டைப் பார்த்து, பின்னால் கொஞ்சம் இடமிருக்கு, செத்தவன் போல ஒருவன் ஏறினால் உனக்குப் பாரம் தெரியாது என்றார். ஏறிப் படுத்தேன். ஒவ்வொரு பள்ளத்திலும் அவருடைய கால் அடிபட்டது. ஒவ்வொரு அடிக்கும் அவர் மாட்டுக்கு ஒரு வசவு சொன்னார். அவற்றில் மாட்டுக்குப் பொருந்தியது ஒன்றும் இல்லை.

டிஸ்பென்சரி சுண்ணாம்பு வாசம் போகாமல் புத்தம் புதிதாக இருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த மனிதர் பெரிய இடாப்பைத் திறந்து என் பெயரை எழுதினார். வயதை எழுதினார். பேனையைத் தூக்கி, எந்த ஊர் என்றார்.

என் பற்கள் அடித்துக்கொண்டிருந்தன. வாயைத் திறந்தேன். மாமா மேசையில் கையை ஊன்றி எனக்கு முன்னால் வந்தார்.

"அவன வாய் திறக்க விடாதீங்க. இந்தக் கேள்விக்கு இவன் சொன்ன பதிலாலதான் நாங்க மூணு மைல் வந்து நிக்கிற. எங்கட ஊர் எண்டே போடுங்க."

அவர் எழுதினார். கசப்பு மருந்து மிக்ஸரை அங்கேயே நின்று குடிக்கச் சொன்னார்கள். திரும்பி வரும்போது மாமா மாட்டிடமும் கதைக்கவில்லை. பாதி வழியில், திரும்பிப் பார்க்காமல், முனக வேண்டுமென்றால் முனகு, ஊருக்குள் போகுமுன் முடித்துக்கொள் என்றார்.