அக்கா நடந்தாள், அத்தான் அடி எண்ணினார்

என் அக்கா வீட்டுக்காரர் செய்த நல்லது ஒன்று உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லப்போவது அவ்வளவு நல்லதாக இருக்காது.

அவர் ஆறு மாடி ஆபீஸ் ஒன்றில் லிஃப்ட் ஓட்டினார். நானும் அக்காவும் அங்கேதான் கூட்டித் துடைக்கிற வேலை. எங்களை லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று உத்தரவு. நான் ஏழு மாத வயிற்றோடு வாளியைத் தூக்கிக்கொண்டு படியில் நின்ற அன்று, அவர் கதவைத் திறந்து, வாளியை வாங்கி உள்ளே வைத்தார். பிள்ளை பிறக்கும்வரை தினமும் அப்படித்தான். கேட்ட அதிகாரியிடம், "வாளிதான் சார் ஏறுச்சு" என்றாராம்.

அதைத் தவிர அவரிடம் எனக்கு மதிப்பு வந்ததே கிடையாது. கடவுளிடம் கேட்டும் பார்த்தேன், வரவில்லை.

ஆபீஸில் அவருக்குப் பட்டப்பெயர் ஆறாம் மாடி. ஸ்டூலில் உட்கார்ந்தபடி உலகத்தையே மேலும் கீழும் கொண்டுபோகிறவர் என்ற நினைப்பு. படியில் போகிறவர்களைப் பார்த்தால் உதட்டைச் சுழிப்பார். "பாவம், கால் இருக்கு, நடக்குதுங்க" என்பார்.

முப்பது வருஷ சிகரெட் நுரையீரலைத் தின்றுவிட்டது. இது போகிற வியாதி இல்லை, கூடவே இருக்கும், பயிற்சி செய்தால் அடங்கியிருக்கும் என்றார் டாக்டர். மூன்று மாதம் லீவு. அவர் வெளியே இறங்கியிருக்கிற நேரத்தில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் ஓட்டுகிறவர்தான் மொட்டைமாடி மோட்டார் அறைக்குப் படியேறி, சக்கரத்தைக் கையால் சுற்றி ஆட்களை இறக்க வேண்டும். அதனால் ஆஸ்பத்திரியில் ஆறு நிமிஷம் நிற்காமல் நடந்து காட்டிச் சான்று வாங்கி வந்தால்தான் வேலை, இல்லாவிட்டால் இல்லை என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித் தருகிற அம்மா அவர் கையில் ஒரு வாட்ச் கட்டினார். போனில் ஓர் ஆப் போட்டுக் கொடுத்தார்.

"தினம் நடங்க. எத்தனை அடின்னு வாட்ச் எண்ணும். மூச்சு எவ்வளவு வாங்குதுன்னு நீங்களே ஒரு நம்பர் போடுங்க. ஒண்ணுன்னா கஷ்டமே இல்ல, பத்துன்னா தாங்க முடியல. நாங்க இங்கிருந்து பாத்துக்குவோம். வாராவாரம் வர வேண்டாம், உங்களை நீங்களே கவனிச்சுக்கலாம்."

இத்தனையில் 'வர வேண்டாம்' என்பது மட்டும் அவர் காதில் விழுந்தது.

மூன்றாம் நாள் வாட்ச் அக்கா கையில் இருந்தது.

"என்னக்கா இது?"

"அவருக்கு நடந்தா மூச்சு முட்டுதாம். நீ எப்படியும் ஆறு மாடியும் சுத்துறவதானே, கட்டிக்கன்னார்."

"நீ நடந்தா அவருக்கு எப்படித் தேறும்?"

"நீ சும்மா இருடி. போன்ல பச்சை வட்டம் வந்துச்சுன்னா மனுஷன் அன்னிக்குக் கத்தாம இருக்கார்."

நானும் சும்மா இருந்தேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

சாயந்திரம் அக்கா வந்ததும் வாட்சைக் கழற்றி வாங்கிக்கொள்வார். போனில் பச்சை வட்டம் சுற்றி 'அருமை' என்று வரும். "இன்னிக்கு ஒன்பதாயிரம் அடி" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் நீட்டுவார், கட்டிலில் படுத்தபடியே. பிறகு இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூச்சுக்கு ஒண்ணு என்று அமுக்குவார்.

நன்றாக நடக்கிறாரே என்று ஆப்பும் வாரத்துக்கு வாரம் அளவை ஏற்றிக்கொண்டே போனது. பன்னிரண்டாயிரம் ஆனது. அக்கா துடைத்த வராந்தாவையே திரும்பத் துடைத்தாள். "இன்னும் எண்ணூறு குறையுதே" என்று அவர் வாசலில் நிறுத்தினால், பையைக்கூட இறக்காமல் தெருமுனைவரை போய்த் திரும்புவாள்.

"எண்ணூறுதானே அத்தான், நீங்களே போய்ட்டு வரலாமே" என்றேன் ஒருநாள்.

"சின்னவளே, நீ துடைப்பத்தைப் பாரு. இதெல்லாம் மெஷின் விஷயம்."

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் யார் நடந்தால் யார் காலுக்கு வலு வரும் என்று தெரியாத அளவுக்கு இல்லை.

மூன்று மாதம் முடிந்து மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாட்ச் அன்று அவர் கையில். பயிற்சி அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துப் பூரித்துப்போனார். "இவர் மாதிரி யாருமே செய்யல" என்று சொல்லி, வராந்தாவில் கோடு போட்ட இடத்தில் நடக்கச் சொன்னார். ஒரு தடவை போய்த் திரும்பினார். அடுத்த தடவை பாதியில் சுவரைப் பிடித்தார். உதடு நீலமாகி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

அந்த அம்மா அவரையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பன்னிரண்டாயிரம் அடி நடந்தது யாரு கால்?"

அக்கா கையைப் பின்னால் மறைத்தாள். மணிக்கட்டில் வாட்ச் பட்டை அளவுக்குத் தோல் வெளுத்திருந்தது.

"மூச்சுக்கு ஏழு, எட்டுன்னு உள்ளதைப் போட்டிருந்தா அன்னிக்கே கூப்பிட்டு மருந்தை மாத்தியிருப்போமே."

"ஆளைப் பாக்காம மெஷினைப் பாத்தது உங்க தப்பு" என்றார் அத்தான், தரையிலிருந்தே. மூச்சு நின்றாலும் திமிர் நிற்காது. அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

சான்று கிடைக்கவில்லை. ஸ்டூலில் வேறு ஆள் உட்கார்ந்தார். அக்கா மட்டும் ஆறு மாடியும் மூச்சு வாங்காமல் ஏறுகிறாள்.

அடுத்த வருஷம் அவர் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், மூக்கில் குழாயோடு கிடந்தார். ஒரு மத்தியானம் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். அதுதான் கடைசி.

"எப்படி எறங்குவ?" என்றார்.

"லிஃப்ட்லதான் அத்தான்."

"யார் ஓட்டுறான்?"

"யாரும் இல்ல. நாமளே அமுக்கிக்கணும்."

உதட்டைச் சுழித்தார், பழைய மாதிரியே.

"உன்னை நீயே பாத்துக்கன்னு விட்டுட்டானுங்களா? அதுல ஏறாத. படியிலயே போ."