ஆர்மாண்ட் சொல்லாத இடம்

ஒடெட் அருடாவைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் அவள் வைக்கும் கீரை சூப்பைத்தான் சொல்வார்கள். ஒன்பது வயதில் அசோர்ஸ் தீவுகளிலிருந்து அப்பா அம்மாவோடு அமெரிக்காவில் வந்து இறங்கியவள். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருடம் கரண்டி பிடித்தவள். ஆள் குள்ளம், தோள் அகலம், வாய் கொஞ்சம் நீளம். அவள் ஒற்றை ஆள் உட்கார்ந்து வலிக்கும் கயாக் படகு ஓட்டுவாள் என்பதும், ஒழுங்காகவே ஓட்டுவாள் என்பதும் பலருக்குத் தெரியாது. பகலில் நண்டு பிடிக்க வெஸ்ட்போர்ட் ஆற்றில் அவள் போகாத மூலை கிடையாது. இரவு மட்டும் அவள் புருஷன் ஆர்மாண்டுடையது.

ஸ்ட்ரைப்பர் இரவில்தான் கரையோரம் வரும். விலா நெடுகக் கறுப்புக் கோடு ஓடும் மீன். பெரிய மீனாக இருந்தால் மூன்று வயதுப் பிள்ளையின் கனம் இருக்கும். அமாவாசையை ஒட்டி, ஆற்றுத் தண்ணீர் கடலுக்கு வற்றி இறங்கும் நேரத்தில், உயிருள்ள விலாங்கை முள்ளில் மாட்டிவிட்டு இருட்டில் சத்தம் காட்டாமல் மிதக்க வேண்டும். எங்கே மிதப்பது என்பதை அந்தக் கரையில் எவனும் சொல்ல மாட்டான். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட நாலு பாறை தள்ளித்தான் சொல்வான். ஆர்மாண்ட் அதில் மகா கெட்டி. யார் கேட்டாலும் இரட்டைப் பாறை என்பான். கல்யாணமாகி முப்பத்தோரு வருடமாக அதே பதில்தான்.

போன குளிர்காலத்தில் அவன் நுரையீரல் கைவிட்டது. முன்னறையில் கட்டில், மூக்கில் குழாய், மூலையில் உறுமிக்கொண்டே இருக்கும் ஆக்சிஜன் இயந்திரம். இந்தக் கோடையைப் பார்ப்பார் என்று டாக்டர் சொன்னார். அடுத்த கோடையைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆகஸ்ட் பிறந்ததும் ஆர்மாண்ட் தட்டைத் தள்ளிவைக்க ஆரம்பித்தான். என்னதான் வேண்டும் என்று அவள் குடைந்து கேட்டபோது, மீன் இழுக்கையில் தூண்டில் நூல் சுற்றிய ரீல் கத்துமே, அதை இன்னொரு தரம் கேட்டால் போதும் என்றான். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஒடெட் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். நான் போகிறேன், போனை நெஞ்சுப் பையில் வைத்துக்கொள்கிறேன், நீ படுத்தபடி கேள் என்றாள். எங்கே போகட்டும் என்று கேட்டாள். அவன் யோசிக்கவே இல்லை, இரட்டைப் பாறை என்றான்.

இரண்டு இரவு போனாள். அந்த இரண்டு நாளும் அவளுடைய அண்ணன் டீனிஸ் கட்டிலருகே துணைக்கு உட்கார்ந்தே இருந்தான். டீனிஸும் தூண்டில்காரன்தான், ஊர் முழுக்க அவனுக்கு நாக்கு. இரட்டைப் பாறையில் கொசு கடித்ததே ஒழிய மீன் கடிக்கவில்லை. கொண்டுபோன விலாங்குகள்கூட அலுத்துப்போய்ச் சுருண்டுகொண்டன. மூன்றாம் நாள் காலை அவளுக்கு விஷயம் விளங்கியது. டீனிஸ் வீட்டுக்குக் கிளம்பும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, ஈரக் கால்சட்டையோடு கட்டில் முன்னால் போய் நின்றாள்.

"முப்பத்தோரு வருஷமா உன் மீன்கவிச்சித் துணியத் தொவைக்கிறேன். எனக்கே பொய்யா?"

"நீ கேட்டப்ப உங்கண்ணன் இங்க உக்காந்து காப்பி குடிச்சிட்டிருந்தான்."

"அப்புறமாச்சும் சொல்லியிருக்கலாம்ல."

"எப்ப சொல்றது? பாவி மனுசன் கட்டில விட்டு எந்திரிச்சாத்தானே?"

அழுவதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை, இரண்டையும் சேர்த்தே செய்தாள். அவன் அவள் சட்டைக் கழுத்தைப் பிடித்துக் கீழே இழுத்து, காதோடு காதாகச் சொன்னான்: சிப்பிப் பண்ணைக்குப் பின்னால் மணல்திட்டு, வற்றம் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து, வலது ஓரம். சொல்லி முடித்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டில் வேறு யாருமே இல்லை, இருந்தும் காதில்தான் சொன்னான், மகராசன்.

அன்றிரவு டீனிஸை அடுக்களையில் உட்காரவைத்து, பேஸ்பால் ஆட்டத்தைச் சத்தமாகப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். தண்ணீர் கறுப்பாக, வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. போனில் ஆர்மாண்ட் ஓயவில்லை. துடுப்பைத் தட்டாதே, விலாங்கைத் துணியால் பிடி, விளக்கை அணை என்று ஒரே அதிகாரம். வாயை மூடினால்தான் மீன் வரும் என்று அவள் அதட்டிய கொஞ்ச நேரத்தில் தூண்டில் கழி வளைந்து ரீல் கத்தத் தொடங்கியது.

போனில் குழாய் வழியே அவன் மூச்சு இழுப்பது மட்டும் கேட்டது. மீன் கயாக்கையும் அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஆற்றுவாய்ப் பக்கம் ஓடியது. ரீல் நின்று நின்று கத்தியது. விடு, ஓடட்டும், விடு என்று அவன் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தான். இருபது நிமிடம் கழித்து மீன் பக்கவாட்டில் வந்து சாய்ந்தது. வீட்டுக்குக் கொண்டுபோகச் சட்டம் விடும் உச்ச அளவைவிட ஒரு சாண் கூடுதல், தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டிய மீன். முள்ளைக் கழற்றினாள். ஓடிக் களைத்த மீனுக்கு நீந்தத் தெம்பில்லை. கீழுதட்டை இரண்டு கையாலும் பிடித்து, செவுளில் தண்ணீர் ஏறட்டும் என்று ஓடும் தண்ணீருக்கு எதிரே அதன் வாயைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வற்றம் அவளை வெளியே நகர்த்திக்கொண்டே இருந்தது. ஆற்றுவாயில் அலை உடையும் இரைச்சல் நெருங்கியதில் போனில் அவன் கூப்பிடுவது அவள் காதில் விழவில்லை. மீன் ஒருவழியாகக் கட்டைவிரலைக் கடித்து, வாலால் அவள் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டுப் போனது.

துடுப்பை எடுத்து, மூச்சு வாங்க வலித்து, மணல்திட்டின் மறைவுக்கு வந்த பிறகுதான் அவன் குரல் கேட்டது. ஒடெட், ஒடெட் என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது.

"இருக்கேன்," என்றாள். "ரெண்டு கையும் மீன் வாயில இருந்துச்சு. போயிடுச்சு, நல்லாப் போயிடுச்சு. ரீலக் கேட்டியா?"

அவனுக்கு மூச்சு சரியாக நேரம் பிடித்தது.

"கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். பயத்துல செத்துட்டேன்னு வையி." பிறகு கேட்டான்: "ஏன் ஒடெட், இத்தன வருஷமும் நான் ஆத்துல இருக்கறப்ப நீ இப்படித்தான் படுத்துக் கெடந்தியா?"

அவள் துடுப்பை மடியில் குறுக்கே வைத்தாள்.

"ஆமா. ஒவ்வொரு ராத்திரியும்."

"ஒரு தடவ கூடச் சொன்னதில்லையே."

"சொல்லியிருந்தா நீ போயிருக்க மாட்டே."