பொரித்த சோளமும் வீட்டுக்காரரின் விரதமும்

மேல்மாடி லிண்டா அமெரிக்காவின் தென்பகுதிக்காரி. அவள் சொல்லித் தந்தபடி இன்று சோளம் பொரித்தேன்.

பொத்தியிலிருந்து மணிகளைச் சீவி, கத்தியின் முதுகால் பாலையும் வழித்தெடுத்து, பன்றிக்கொழுப்பில் பொரிக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் இங்கே ஜேர்மனியில் ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழாவுக்கு ஒரு வாரமாக விரதம். அவருக்காக நானும் பிள்ளைகளும்கூட மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடுவதில்லை. அதனால் கொழுப்புக்குப் பதிலாகப் பட்டர் போட்டேன்.

ஒரு வாய் வைத்தார்.

"நல்லாத்தான் இருக்கப்பா. ஆனா முந்தநாள் லிண்டா வீட்டில சாப்பிட்டதில ஒரு வாசம் இருந்தது. இதில அது இல்லை."

"என்ன வாசம்?" என்று கேட்டேன்.

மனிதர் தண்ணீர் கேட்டார்.

தேரன்று வீதியில் உருண்டு பிரதட்டை செய்யப் போகிறாராம். அங்கே கல்லு கூடுதலாகக் கிடக்கிற பக்கம் எது? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.