கருப்பையன் கேட்ட இடம்

விழிதியூர்க் கருப்பையன் தென்னை மரத்திலிருந்து விழுந்ததற்கு ஊருக்குள் இரண்டு காரணம் உலவியது. மட்டை வழுக்கிவிட்டது என்று அவன் சொன்னான். பக்கத்து வீட்டுக் கிணற்றடியை எட்டிப் பார்த்தான், கை விட்டுப்போயிற்று என்று ஊர் சொன்னது. அந்தக் கோடையில் அந்தக் கிணற்றில் சொட்டுத் தண்ணீர் கிடையாது, யார் குளித்திருக்கப் போகிறார்கள்? ஆனாலும் கிணற்றடிக் கதைதான் நிலைத்தது. மட்டைக் கதையில் ருசி இல்லை.

எழுபத்து நாலாம் வருசம் விழுந்தான். இடுப்புக்குக் கீழே விளங்காமல் போயிற்று. காரைக்கால் பழைய இரும்புக் கடையில் பேரிங் வாங்கி, ஆசாரி ஒரு பலகையில் கோத்து வண்டி செய்து கொடுத்தார். தார் ரோட்டில் அது ஜம்மென்று ஓடும். கீற்று முடைந்து விற்றான். பெண்டாட்டி அல்லி நடவு, களையெடுப்பு என்று போனாள். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. குறை வருசத்துக்கு ஒரு நாள்தான் வந்தது.

பங்குனியில், அறுவடை முடிந்த வயலில், ஊர்க் கலைமன்றம் விழா எடுக்கும். கரகம், காவடி, பாட்டு எல்லாம் ஆனபிறகு கடைசியில் நாடகம். நாடகத்தில் தங்கையன் என்று ஒரு பபூன் வருவான். வந்து ஒரு வார்த்தை பேசமாட்டான். சும்மா நின்று மூஞ்சியை வைத்து என்னவோ செய்வான். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். கர்ப்பிணிகளை முன்னால் உட்கார வைக்காதீர்கள் என்று கிழவர்கள் எச்சரிக்கிற அளவுக்குப் பேர் வாங்கிய சங்கதி அது.

கருப்பையன் மரமேறிய காலத்தில் தங்கையன் அந்தக் குழுவில் இல்லை. விழுந்த பிறகுதான் வந்து சேர்ந்தான். அதனால் அந்த மூஞ்சியைக் கருப்பையன் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பேரிங் வண்டி ரோட்டோடு நின்றுவிடும். அப்புறம் வரப்பு, வரப்புக்கு அந்தப் பக்கம் நெல் தாள். ரோட்டோரம் உட்கார்ந்தால் அவனுக்குத் தெரிவது வேட்டிகளும் புட்டங்களும்தான்.

"என்னதான் புள்ள செய்யறான்?" என்று வீடு திரும்பும்போது கேட்பான்.

"மூஞ்சிய இப்டி வச்சுக்கிட்டு..." என்று அல்லி தொடங்குவாள். அதற்குள் அவளுக்கே சிரிப்பு வந்துவிடும். "அய்யோ, சொல்ல வரலீங்க."

ஒரு வருசம் அவள் அவனை முதுகில் சுமந்து உள்ளே போனாள். "பொண்டாட்டி மேல சவாரி போறாம் பாருடா!" என்று ஒருத்தன் கத்தினான். நாடகத்துக்கு முன்பே சிரிப்பு கிளம்பிவிட்டது. கருப்பையன் பாதி வழியிலேயே இறக்கச் சொல்லிவிட்டான். அதற்கப்புறம் முதுகில் ஏறவில்லை.

அதே கூட்டத்தில் இன்னொன்றும் நடக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், சாராயக் கடை கிடையாத காலம் அது. அங்கிருந்து கலையை ரசிக்க வருகிறவர்கள் முதலில் நம் பக்கத்துக் கடையை ரசித்துவிட்டு வருவார்கள். கால் நிற்காதவனை இரண்டு பேர் தாங்கலாகத் தூக்கிவந்து முன்வரிசையில் உட்கார வைப்பார்கள். எங்கே வாந்தி எடுத்துவிடுவானோ என்று சனம் தானாக வழிவிடும்.

"நானும் கொஞ்சம் ஊத்திக்கிட்டு வந்திருக்கணும் புள்ள" என்றான் கருப்பையன்.

"ஊத்திக்கிட்டா மட்டும்? அவன் விடிஞ்சா நடப்பான்" என்றாள் அல்லி.

எண்பத்தொன்று ஊனமுற்றோர் ஆண்டு என்று ரேடியோவில் சொன்னார்கள். உரக்கடை பூமிநாதன்தான் கலைமன்றச் செயலாளர். மாலை போடவும் போட்டுக்கொள்ளவும் கொடுத்துவைத்த கழுத்து அவருக்கு. அவரே ஒரு நாள் கருப்பையன் வாசலில் சைக்கிளை நிறுத்தினார்.

"ஏய்யா கருப்பையா, இந்த வருசம் ஒனக்கு மன்றத்துல ஏதாச்சும் செய்யணும்னு பேசியிருக்கோம். என்ன வேணும் சொல்லு. கூச்சப்படாத."

கருப்பையனுக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. ஏழு வருசமாக யாரும் கேட்காத கேள்வி.

"பெருசா ஒண்ணும் வேணாங்கய்யா. ரோட்டுலேர்ந்து மேடை முன்னாடி வரைக்கும் ஒரு தடம். வண்டி உருள்ற அகலத்துக்கு அந்த வரப்பக் கொஞ்சம் கொத்திவிட்டா போதும். எனக்கு முன்னாடி யாரும் நிக்காம பாத்துக்கங்க. என்னிய மாதிரி அம்பகரத்தூர்லேர்ந்தும் ரெண்டு பேரு வருவாங்க. நாடகம் பாக்கணும், அவ்வளவுதான்."

"வரப்பயா?" பூமிநாதன் வாயைப் பிளந்தார். "அது பங்காளி வரப்புய்யா! கேசு நடக்குது. ஒரு மம்புட்டி மண்ணு எடுத்தா நாளைக்கு நானுல்ல கோர்ட்டு ஏறணும்?"

"அப்ப மேல பலக போடலாங்களே?"

"பலகெல்லாம் மேடைக்குப் போயிருச்சே." அவர் யோசித்தார். முகம் மலர்ந்தது. "அட! பலக அங்கதான இருக்கு? ஒன்னியே அங்க தூக்கிட்டுப் போயிடுறோம். மேடையிலயே எடம்! போதுமா?"

கருப்பையன் தடுத்துச் சொல்வதற்குள் சைக்கிள் தெரு திரும்பிவிட்டது.

விழா அன்று சாயங்காலம் மன்றத்துப் பையன்கள் அவனைப் பலகையோடு பல்லக்கு மாதிரி தூக்கிப்போனார்கள். அல்லி கூடவே ஓடினாள். மேடைக்கு எதிரே சாக்கை விரித்து ஓர் இடம் பிடித்து, "மேடையில பேசி முடிச்சதும் இங்க எறக்கிடுங்க தம்பி" என்று சொல்லி வைத்தாள். "ஆகட்டும்க்கா" என்றார்கள்.

கருப்பையனை நடுமேடையில், சனத்தைப் பார்த்து உட்கார வைத்தார்கள். பொன்னாடை போட்டார்கள். ஊனமுற்ற ஒருவரை மேடையேற்றிய முதல் ஊர் விழிதியூர்தான் என்று பூமிநாதன் பேசினார். அவர் எந்தெந்த ஊரில் விசாரித்தார் என்று யாரும் கேட்கவில்லை. பிறகு மைக்கைக் கருப்பையன் வாயருகே நீட்டினார்.

"அய்யா, எனக்கு மேட வேணாங்க. கீழ எறக்கி முன்னாடி விட்டுருங்க" என்றான் கருப்பையன்.

பூமிநாதன் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். "பணிவப் பாருங்கய்யா! மேடையே வேணாங்கிறாரு!"

கைதட்டல் வயலைத் தாண்டிக் கேட்டது. அம்பகரத்தூர்க்காரர்கள் இருவரும் அதை ரோட்டிலிருந்து கேட்டிருப்பார்கள்.

திரை இழுத்தார்கள். இறக்கப் பையன்களைத் தேடினால் ஒருத்தனையும் காணோம். எல்லைக்கு அந்தப் பக்கத்து விருந்தாளிகளைக் கவனிக்கப் போயிருந்தார்கள். ஆர்மோனியக்காரர் நாடகத்துக்கு நேரமாகிறது என்று சத்தம் போட்டார். வேஷக்காரர்கள் இரண்டு பேர் கருப்பையனைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பக்கத் தட்டிக்குப் பின்னால், பெட்ரோமாக்ஸ் சூட்டில் விட்டார்கள். கீழே அல்லியின் சாக்கில் வேறு யாரோ உட்கார்ந்தாயிற்று.

தங்கையன் நடுமேடைக்குப் போனான். கருப்பையன் இருந்த இடத்திலிருந்து முதுகு தெரிந்தது. வியர்வையில் நனைந்த சட்டை, ஊக்கு குத்திய கால்சராய். முதுகில் ஒன்றும் நடக்கவில்லை. எதிரே ஊர் முழுக்க வாயைத் திறந்தது. பல் இல்லாத வாய், வெற்றிலை வாய், அல்லியின் வாய். எல்லோரும் சிரிப்பது தன்னைப் பார்த்துத்தானோ என்று ஒரு கணம் அவனுக்குப் பட்டது. பொன்னாடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

தங்கையன் உள்ளே வந்து, பக்கத்தில் கிடந்த பெட்டியில் பொத்தென்று உட்கார்ந்து பீடி பற்ற வைத்தான். பவுடர் வழிந்த, தூக்கம் கெட்ட சாதாரண மூஞ்சி.

"அண்ணே" என்றான் கருப்பையன். "அந்த மூஞ்சிய எனக்கு ஒரு தடவ செஞ்சு காட்டுங்களேன்."

தங்கையன் அவனை நிதானமாகப் பார்த்தான். எகத்தாளம் இல்லை. ஒரு முறை முயன்றும் பார்த்தான். கன்னம் இழுத்தது, புருவம் ஏறியது. பல்வலிக்காரன் போல இருந்தது. விட்டுவிட்டான்.

"வர மாட்டேங்குதுய்யா. எதுக்க சனம் இருந்தாத்தான் அது வரும்."

"நான் இருக்கேனே?"

"நீ ஒரு ஆளுதான" என்று தங்கையன் பீடியை அணைத்தான். மேடையில் மணி அடித்தது. போய்விட்டான்.

அடுத்த பங்குனிக்குக் கருப்பையன் பேரிங் வண்டியை உருட்டிக்கொண்டு உரக்கடைக்கே போனான். "அய்யா, இந்த வருசமாச்சும் அந்தப் பலக..."

பூமிநாதன் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து தலையைத் தூக்கினார். நிஜமான வருத்தம்தான் முகத்தில். "போன வருசம்தான்யா ஊனமுற்றோர் ஆண்டு. அது முடிஞ்சுபோச்சே."

விழா அன்று பொழுது சாய்ந்ததும் ஒலிபெருக்கி தொடங்கியது. கருப்பையன் கதவைச் சாத்தச் சொன்னான். கதவுக்கு அடங்குகிற சத்தமா அது? கரகத்து மேளம் வந்தது, பாட்டு வந்தது.

"வாங்க, தூக்கிட்டுப் போறேன். எவன் சிரிச்சா நமக்கென்ன?" என்றாள் அல்லி.

"வேணாம் புள்ள. நீ போயிட்டு வா."

அவள் போகவில்லை. அவன் முடைந்துகொண்டிருந்த கீற்றைத் திருப்பிப் போட்டான். கொஞ்ச நேரத்தில் வயல் பக்கமிருந்து அந்தச் சிரிப்பு வந்தது. வெகுநேரம் ஓயவில்லை. அல்லி வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அழுகிறாளா, தங்கையன் மூஞ்சி நினைவுக்கு வந்து சிரிக்கிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. இங்கிருந்து அவள் முதுகுதான் தெரிந்தது.